ஆஸ்துமாவோடு வருகிறவர்களுக்கு: தாளில் இருக்கும் அந்த எண்ணைப் பாருங்கள்

வெளிநாட்டுக்குக் குடிவந்ததும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய மருந்துச்சீட்டையும் இன்ஹேலரையும் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் பாதி வேலை முடிந்தது. ‘ஆக்‌ஷன் பிளான்’ என்று ஒரு தாள் தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். இழுப்பு வந்ததும் டாக்டரிடம் ஓடிப் பழகியவர்களுக்கு அது விசித்திரமாகத்தான் இருக்கும். எந்த நிலையில் நாமே என்ன செய்வது, எப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

பெரும்பாலும் மூன்று நிறம் இருக்கும். பச்சையில் வழக்கமான மருந்து. இரவில் இருமல், நெஞ்சு இறுக்கம் என்று தொடங்கினால் மஞ்சள். மருந்தை எப்படிக் கூட்டுவது என்று அதில் இருக்கும். பேசக்கூட மூச்சு வாங்கினால் சிவப்பு. இழுப்பை உடனே தணிக்கும் நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டே அவசர உதவியை அழைக்க வேண்டும். படித்தாலே புரிந்துவிடும்.

படித்தாலும் பிடிபடாதது ‘உங்கள் அதிகபட்சம்’ என்று எழுதியிருக்கும் எண். மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று காட்டும் சிறு கருவி பீக் ஃப்ளோ மீட்டர். உடம்பு நன்றாக இருக்கும்போது அதில் ஊதி எட்டும் மிகப் பெரிய அளவுதான் அது. பிறகு ஊதும்போது வரும் எண் அந்த அதிகபட்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு.

என் தோழி சளியும் இழுப்புமாக டாக்டரிடம் போன அன்றே ஊதச் சொன்னார்கள். 300 வந்தது. அதையே அதிகபட்சம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஒருநாள் காலை 250 காட்டியது. 300-இல் அது 83 சதவீதம், பச்சை. முந்தைய இரவு முழுக்க இருமியும், தாளை நம்பி வேலைக்குப் போனாள். சாயங்காலம் ஆம்புலன்ஸில் போக வேண்டியதாயிற்று. உடம்பு தேறியபின் அளந்தால் அவளுடைய அதிகபட்சம் 450! அப்படியானால் 360-க்குக் கீழே மஞ்சள், 225-க்குக் கீழே சிவப்பு. அன்று காலையே அவள் சிவப்பை நெருங்கிவிட்டிருந்தாள். மூச்சுத் திணறி வந்தவளை ஊதவைத்து அதை ‘அதிகபட்சம்’ என்று எழுத எப்படித்தான் மனசு வந்ததோ, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

இழுப்பு கட்டுக்குள் இருக்கும்போது இரண்டு மூன்று வாரம் காலையும் மாலையும் அளந்தால்தான் சரியான எண் கிடைக்கும். நிவாரண இன்ஹேலர் எடுப்பதற்கு முன், நேராக நின்று, மூச்சை நிறைய இழுத்து, ஒரே ஊதலில் முடிந்தவரை வேகமாக ஊதுங்கள். மூன்று முறை ஊதி, பெரிய எண்ணைக் குறியுங்கள், சராசரி போடாதீர்கள். மீட்டரையும் மாற்றாதீர்கள். எண் பச்சையில் இருந்தும் இரவில் இருமினால், இருமலைத்தான் நம்ப வேண்டும்.

‘ஸ்டீராய்டு’ என்று பயந்து, இழுப்பு வராமலிருக்க வழக்கமாக எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து மாறினால் தாளும் மாற வேண்டும். குழந்தையின் தாளில் ஒரு நகல் பள்ளிக்குக் கொடுங்கள். குழந்தை வளர வளர அந்த எண்ணும் ஏறும் என்பதால், வருடாந்தரப் பரிசோதனையில் புது எண் போடச் சொல்லுங்கள்.