முதல் கார் பழைய மசில் காராக இருக்கலாமா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நடுத்தர அளவு உடலில் பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் பொருத்திய அமெரிக்கக் கார்தான் மசில் கார். அமெரிக்காவில் 1964-இல் போன்டியாக் ஜிடிஓ என்ற கார் சூடேற்றிய குதிரைத்திறன் போட்டி 1970-களின் முற்பகுதியிலேயே தணிந்துவிட்டதால், இன்று விற்பனைக்கு வரும் அந்தக் காலத்து மசில் கார் எதுவானாலும் அதற்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அதை முதல் காராக வாங்க நினைப்பவர் இன்ஜினைவிடத் தகரத்தையும் பிரேக்கையும்தான் முதலில் ஆராய வேண்டும். இன்ஜினை இறக்கிச் சரிசெய்துவிடலாம். அடிப்பாகம் துருவேறிய காரை மீட்கும் செலவோ பல சமயம் காரின் விலையையே விழுங்கிவிடும்.

மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் கீழ்விளிம்பிலும் பின்சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால், பளபளக்கும் பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் துருவேறிய இடத்தை அடைக்கப் பூசிய பட்டிதான். 1965 முதல் 1968 வரையிலான ஃபோர்டு மஸ்டாங்காக இருந்தால், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துளைகளில் ஒரு குவளை தண்ணீரை மெல்ல ஊற்றிவிட்டு, உள்ளே கால் வைக்கும் இடத்துக் கார்பெட்டைத் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அந்தத் துளைகளுக்கு அடியிலுள்ள காற்றறை துருவால் அரித்திருக்கக்கூடும். அதை முறையாகச் சரிசெய்ய, வெல்டுகளை உடைத்து மேல்தகரத்தையே பெயர்க்க வேண்டியிருக்கும்.

மஸ்டாங்கைக் கறார்ப் பேர்வழிகள் மசில் கார் வரிசையில் சேர்ப்பதில்லை. ஆயினும் முழு பாடி உட்பட ஏறத்தாழ எல்லா உதிரிபாகமும் புதிதாகவே கிடைப்பதால், முதல்முறை வாங்குபவருக்கு அதுவே என் தேர்வு. அதிலும் 271 குதிரைத்திறன் கொண்ட வகையைத் தேட வேண்டாம். 200 குதிரைத்திறன் தரும் சாதாரண 289 கன அங்குல வி8 இன்ஜினே பழகுபவருக்குத் தாராளம். 1965, 1966 மாடல்களில் வண்டி எண்ணின் ஐந்தாவது எழுத்து ‘சி’ (C) என்றிருந்தால் தொழிற்சாலையில் பொருத்தியது இந்த இன்ஜின்; ‘டி’ (T) என்றிருந்தால் ஆறு சிலிண்டர். வி8 என்று சொல்லி விற்கப்படும் காரில் ‘டி’ இருந்தால், பின்னாளில் இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் பழையபடியே விட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

பிரேக்கில் விட்டுக்கொடுக்கக் கூடாது. 1967 மாடலுக்கு முந்தைய பெரும்பாலான கார்களில் பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று கொண்டது. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். ஆகவே முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனியான இரட்டைச் சுற்றும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் பொருத்தப்பட்ட கார், அசல் பாகம் மாறாத காரைவிட உங்களுக்கு உகந்தது. தோள்பட்டை பெல்ட் இல்லையென்றால் அதையும் பொருத்திக்கொள்ள வேண்டும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே முதல் ஸ்டார்ட்டை நீங்கள் கேட்க வேண்டும். பானட்டைத் தொட்டதும் சுட்டால், விற்பவர் முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றியிருக்கலாம்; இன்னொரு நாள் வாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே காப்பீட்டையும் விசாரித்துவிடுங்கள், ஏனெனில் பழங்கார்களுக்கான தனிப் பாலிசிகள் பெரும்பாலும் அன்றாடப் பயன்பாட்டுக்கு வேறொரு கார் இருப்பதையும், சில ஆண்டு ஓட்டுநர் அனுபவத்தையும் நிபந்தனையாக வைக்கின்றன.