பீப்பாய்க்கண் மீனைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

கண்ணாடி போன்ற தலைக்குள் இரண்டு பச்சை உருண்டைகள், அவற்றுக்கு முன்னால் சோகமாகப் பார்க்கும் இரண்டு கறுப்புக் கண்கள். இப்படியொரு விளக்கத்தோடு ஒரு ஆழ்கடல் மீனின் வீடியோ அடிக்கடி வாட்ஸ்அப்பில் சுற்றி வரும். பெரிய தவறு அந்த வர்ணனையிலேயே இருக்கிறது. கறுப்பாகத் தெரிபவை கண்களே அல்ல, மூக்குத் துளைகள். உள்ளே இருக்கும் பச்சை உருண்டைகள்தான் கண்ணின் லென்ஸ். அவற்றுக்குக் கீழே குழாய் போல நீண்ட கண் இருக்கிறது. சோக முகம் நாமாக வரைந்துகொண்டது.

பச்சையைப் பார்த்து ‘கண் தானாக ஒளிர்கிறது’ என்றும் எழுதிவிடுகிறார்கள். நீர்மூழ்கி ரோபோவின் விளக்கு பட்டுத்தான் அப்படிப் பளிச்சிடுகிறது.

‘கண் மேல்நோக்கி மட்டுமே பார்க்கும்’ என்பது பழைய பிழை. இதற்குக் காரணம் உண்டு. மேக்ரோபின்னா மைக்ரோஸ்டோமா என்ற இந்த மீனுக்கு 1939-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் வலையில் மேலே வரும்போது தலைமேல் உள்ள மெல்லிய கூடு சிதைந்துவிடும். அதனால் பழைய படங்களில் அந்தக் கூடே கிடையாது. கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த புரூஸ் ராபிசனும் கிம் ரைசன்பிச்லரும் 600 முதல் 800 மீட்டர் ஆழத்தில் ரோபோ கேமராவில் இதைப் பார்த்தார்கள். உயிரோடு பிடித்த ஒரு மீன் கப்பல் தொட்டியில் சில மணி நேரம் தாக்குப்பிடித்தது. உடம்பைக் கிடைமட்டத்திலிருந்து செங்குத்தாக நிமிர்த்தியபோது கண்கள் கூட்டுக்குள்ளேயே சுழன்றன. மேலே இரையின் நிழலைப் பார்த்தபின் வாயை அதை நோக்கித் திருப்பினாலும் பார்வை இரையை விட்டு விலகாது. இந்த ஆய்வு வெளிவந்த 2008-ஐ மீனையே கண்டுபிடித்த ஆண்டு என்று போடுவது அபத்தம்.

அளவையும் கவனியுங்கள். திரை முழுக்க நிரம்பினாலும் ஆள் சுமார் 15 சென்டிமீட்டர்தான். உடம்பு முழுவதும் கண்ணாடியும் இல்லை. தலைமேல் உள்ள கூடு மட்டும்தான் அப்படி, மற்றதெல்லாம் கறுப்பு.

‘சைஃபனோஃபோர் என்ற கொட்டும் உயிரியிடமிருந்து இரையைத் திருடித் தின்னும்’ என்பதை உறுதியான செய்தியாகச் சொல்லாதீர்கள். மீனின் வயிற்றில் ஜெல்லி வகை உயிரிகளின் துண்டுகள் இருந்தன. திருட்டு என்பதும், கொட்டுவதிலிருந்து கண்ணைக் காக்கவே இந்தக் கூடு என்பதும் ஆய்வாளர்களின் ஊகம். நல்ல ஊகம்தான், ஆனாலும் ஊகம்.

அப்புறம், ஒரு மீனின் குணத்தைப் பீப்பாய்க்கண் மீன் குடும்பம் முழுவதற்கும் ஏற்றிவிடக் கூடாது. அதே குடும்பத்து ஒபிஸ்தோப்ராக்டஸ் சொலேட்டஸ் மீனுக்கு அடிவயிறு தட்டையான உள்ளங்கால் மாதிரி இருக்கும். குடலின் கடைசியில் உள்ள பாக்டீரியாக்களின் வெளிச்சம் அதன் வழியே கீழ்நோக்கிப் பரவும். இன்னொரு உறவான டோலிகோப்டெரிக்ஸ் லாங்கிப்பஸின் ஒவ்வொரு கண்ணிலும் பக்கவாட்டில் இன்னொரு பகுதி உண்டு. அது லென்ஸால் அல்ல, முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒளியைத் திருப்பும் நுண்ணிய படிகத் தகடுகளால் பிம்பத்தைக் குவிக்கிறது. இதை விவரிக்கும் ஆய்வு 2009-ல் வந்தது. என்னைக் கேட்டால், பச்சைக்கண்ணனைவிட இதன் வீடியோதான் சுற்றி வர வேண்டும்.