ஒகேனக்கல்லில் பரிசல் ஏற: நீர்வரத்து பார்ப்பதிலிருந்து மீன் வறுவல் வரை

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக சுமார் 46 கி.மீ. பஸ் நிறைய உண்டு. பென்னாகரம் தாண்டியதும் மலைப்பாதை. வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டில் உட்காரட்டும். வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பலரும் தடுமாறுவது கிளம்புவதற்கு முன்பே செய்யவேண்டிய ஒரு வேலையில்தான்.

1. நீர்வரத்தைப் பாருங்கள்

"எங்க ஊர்ல மழையே இல்லை, தாராளமா போகலாம்" என்று கிளம்பி, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். ஒகேனக்கல்லுக்குக் காவிரியில் தண்ணீர் வருவது உங்கள் ஊர் மழையால் அல்ல. குடகில் பெய்தால் கிருஷ்ணராஜ சாகர் நிரம்பும், வயநாட்டில் பெய்தால் கபினி நிரம்பும். அந்த இரண்டு அணைகளிலும் உபரிநீர் திறந்தால், ஒகேனக்கல்லில் வெயில் கொளுத்தினாலும் வெள்ளம்தான்.

அந்தத் தண்ணீரைத் தமிழக எல்லையில் அளக்கிற இடம் பிலிகுண்டுலு. மத்திய நீர்வள ஆணையத்தின் கணக்கு, "நொடிக்கு இத்தனை கன அடி" என்று நாளிதழ்களில் வரும். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். 10,000 கன அடி என்றால் ஒவ்வொரு நொடியும் 2,80,000 லிட்டருக்கு மேல் பாறை இடுக்குகளில் பாய்கிறது.

ஒரு நாள் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூன்று நாள் கணக்கை வரிசையாகப் பாருங்கள். ஏறுமுகமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இறங்குமுகமாக இருந்தால் கிளம்பலாம். அணைச் செய்தியில் வராத தண்ணீரும் ஒன்று உண்டு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கனமழை பெய்தால் இடையில் உள்ள காட்டாறுகள் வழியாக நேரே வந்து சேரும். ஆறு செம்மண் நிறத்தில் ஓடினால் சந்தேகப்படுங்கள்.

தடைச் செய்தியை முழுவதும் படியுங்கள். குளிக்கத் தடை வேறு, பரிசல் தடை வேறு. பரிசலுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, அருவியில் குளிக்கும் தடையை நீட்டிப்பதும் நடக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்தத் தடைகள் அடிக்கடி வரும். கடும் கோடையில் தடை இருக்காது. ஆனால் ஐந்தருவியில் தண்ணீரைவிடப் பாறைதான் அதிகம் தெரியும். மழைக்காலம் ஓய்ந்து தண்ணீர் தெளிந்த நாட்களே என் தேர்வு. ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் முதல்முறை போகவே வேண்டாம்.

2. முதலில் மீன், பிறகு பரிசல்

மீனை வாங்கி, அங்கேயே சமைத்துத் தருகிறவர்களிடம் கொடுத்துவிட்டு ஆற்றுக்குப் போங்கள். திரும்பி வரும்போது குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். பரிசல் முடித்து, பசியோடு வந்து மீன் வாங்கினால் சமைத்து முடிக்கும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

3. பரிசல்

டிக்கெட் எடுத்ததும், எந்த வழியாக எதுவரை போவார் என்று பரிசல்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "அருவி காட்டுறேன்" என்றால் பிரதான அருவியா, மணல்மேடு வரையா என்று தெளிவாகப் பேசிவிட்டால் பாதி வழியில் தகராறு வராது.

லைஃப் ஜாக்கெட் போட்டபின் ஒரு சோதனை: தோள்பட்டையில் இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது தளர்வு. தண்ணீரில் விழுந்தால் உடம்பு கீழே நழுவும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். வாரை இறுக்குங்கள், அல்லது வேறு ஜாக்கெட் கேளுங்கள். குழந்தைகளுக்கு இதைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

பரிசல் வட்டமானது, அடிப்பாகம் தட்டை. விளிம்பில் காலை வைத்தால் அந்தப் பக்கம் சட்டென்று அமிழும். பரிசல்காரரின் தோளைப் பிடித்து, நடுவில் கால் வைத்து இறங்கி, உடனே உட்காருங்கள். எடை கூடியவர்கள் இருவர் ஒரே பக்கம் உட்காரக் கூடாது. செல்ஃபிக்காக ஒருவர் எழுந்தாலே போதும், சாய்ந்துவிடும். பரிசலைச் சுழற்றிக் காட்டட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன், தலைசுற்றல் வந்தால் நடு ஆற்றில் இறங்கவும் முடியாது. தண்ணீர் குறைந்த நாட்களில் சில இடங்களில் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் சுமந்துகொண்டு அவர் நடப்பார், நீங்களும் பாறையில் நடக்கவேண்டும். அதனால் ஹவாய் செருப்பு உதவாது. குதிகாலில் வார் உள்ள ரப்பர் செருப்பு போடுங்கள். செல்போனுக்கு, கழுத்தில் மாட்டும் வாட்டர்புரூஃப் பை போதும்.

பரிசலிலிருந்து பார்க்கும்போது இரண்டு பக்கமும் பாறைச்சுவர் நெருங்கி வரும். சாரல் எழும்பிப் புகைபோல நிற்கும். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

4. எண்ணெய் மசாஜ், குளியல்

பரிசலுக்கு முன் எண்ணெய் தேய்க்காதீர்கள். ஜாக்கெட்டும் வழுக்கும், பிடியும் வழுக்கும். தேய்த்து முடித்ததும் எழுந்து நேரே அருவிக்கு நடப்பதுதான் பெரிய தப்பு. உள்ளங்காலில் எண்ணெய், பாறையில் பாசி, இரண்டும் சேர்ந்தால் நிற்கவே முடியாது. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு பாதங்களையும் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, துண்டால் துடைத்துவிட்டு எழுந்திருங்கள். அருவியில் கம்பித் தடுப்புக்கு உள்ளேயே நில்லுங்கள். கம்பிக்கு வெளியே ஆழமில்லாததுபோலத் தெரிகிற தண்ணீருக்கு அடியில் பாறை குடைந்து பள்ளமாக இருக்கும்.