கைட்சர்ஃபிங் பட்டங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி? யாழ்ப்பாணத்துப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் ஓடும் விளையாட்டுத்தான் கைட்சர்ஃபிங். அதன் அடிப்படையைப் பழகி, பலகையில் நின்று கொஞ்சத் தூரம் ஓடத் தொடங்கியவர் அடுத்ததாகக் கேட்பது, “எந்தப் பட்டம் வாங்கலாம்?” என்றுதான். விற்பவரிடம் கேட்டால் அவர் கையில் இருக்கிறது எல்லாமே நல்லதுதான். இரண்டு பட்டங்களை நீங்களே ஏற்றிப் பார்த்து, எது எங்கே வேறுபடுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் இன்னொருவர் சொல்லைக் கேட்டுக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துப் பட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விடு என்றதும் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு முழுதாக விடுகிறது என்று பாருங்கள். கீழே வரும் எல்லாச் சோதனைக்கும் அடிப்படை இதுதான்.

இன்னும் ஒரு வகுப்புக்கும் போகாதவர்கள் இதை வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டாம். கற்பிட்டியிலும் மன்னாரிலும் பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பழகிவிட்டு வாருங்கள்.

முதற்படி: உருவத்தைப் பார்த்து இனம் காணுங்கள்

தைப்பொங்கல் காலத்தில் பட்டம் ஏற்றி வளர்ந்தவர்களுக்கு, பட்டத்தையும் பிடிநூலையும் இணைக்கும் நூற்கட்டான முச்சை தெரியும். முச்சையின் முடிச்சைக் கொஞ்சம் மேலே தள்ளினால் ஒரு குணம், கீழே தள்ளினால் இன்னொரு குணம். காற்றுக்குப் பட்டம் எந்தச் சாய்வில் முகம் கொடுக்கிறது என்பதை முடிவு செய்வது அந்த முடிச்சு. கைட்சர்ஃபிங் பட்டத்தில் அந்தச் சாய்வைப் பறக்கும்போதே மாற்றலாம். கையில் பிடித்திருக்கும் பாரை உங்கள் பக்கம் இழுத்தால் பின்நூல்கள் இறுகி இழுவை கூடும். தள்ளிவிட்டால் இழுவை குறையும்.

காற்றடித்த ரியூப்பை முன்விளிம்பாகக் கொண்ட பட்டத்துக்கு பிரான்சைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகெக்னூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். விழுந்தாலும் தண்ணீரில் மிதக்கும், திரும்ப ஏற்றலாம் என்பதுதான் அதன் பெரிய பலன். அந்த வழியில் வந்தவற்றை இப்போது மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முன்னால் நின்று பார்த்தால் ஆங்கில ‘சி’ எழுத்துப் போல ஆழமாக வளைந்திருப்பது சி-கைட். முன்விளிம்பில் முச்சை இருக்காது, நான்கு மூலையிலிருந்தும் நூல் நேராக வரும். நிலையாக, பலமாக இழுக்கும், பாரைத் தள்ளினாலும் முழுதாக விடாது. தேர்ந்தவர்கள் தந்திரம் செய்வதற்கு இதை விரும்புவார்கள். புதியவர்களுக்கு வேண்டாம்.

தட்டையாக, பின்விளிம்பு உள்வாங்கி, முன்விளிம்பில் முச்சை கட்டியிருப்பது போ-கைட். 2005ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த இந்த வடிவம்தான் விளையாட்டையே பாதுகாப்பானதாக மாற்றியது. பாரைத் தள்ளினால் இழுவை அநேகமாக முழுதும் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவை ஹைபிரிட், டெல்டா வகைகள். டெல்டாவின் நுனிகள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் தண்ணீரில் விழுந்தால் சுலபமாக எழும்பும்.

ரியூப் இல்லாத, அறை அறையாகக் காற்று நிரம்பும் ஃபொயில் பட்டங்களும் உண்டு. 2024 ஒலிம்பிக்கில், மார்செய் கடலில் நடந்த கைட் போட்டியில் பறந்தவை அவைதான். மெல்லிய காற்றில் அருமையாக ஓடும். ஆனால் விழுந்து தண்ணீர் உள்ளே போனால் எழுப்புவது பெரும்பாடு. தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இரண்டாம் படி: ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரேமாதிரி வையுங்கள்

இரண்டு பட்டமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 12 சதுர மீற்றர் பட்டத்தையும் 9ஐயும் ஒப்பிட்டு “இது வேகமாகத் திரும்புகிறது” என்றால், திரும்பியது அளவினாலா வடிவத்தினாலா என்று தெரியாது. சின்னப் பட்டம் எப்போதுமே வேகமாகத்தான் திரும்பும். நூல் நீளமும் அப்படித்தான்: 24 மீற்றர் நூலில் ஆறுதலாகத் திரும்புகிற பட்டம் 20 மீற்றரில் சுறுசுறுப்பாகிவிடும். பட்டத்துக்கும் பாருக்கும் ஒத்துப்போனால் ஒரே பாரிலேயே இரண்டையும் ஏற்றுங்கள். பின்நூல் கட்டும் இடம் நுனியில் ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தால், செய்தவர் சொல்லியிருக்கும் இடத்திலேயே கட்டுங்கள். ரியூப்பில் காற்று குறைவாக இருந்தால் நல்ல பட்டமும் துவளும். ஆகவே பட்டத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குப் பம் பண்ணுங்கள்.

எந்த அளவுப் பட்டம் என்பதற்கு ஒரு பருமட்டான கணக்கு இருக்கிறது. கிலோவில் உங்கள் எடையை, நொட்டில் (ஒரு நொட் மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீற்றர்) காற்றின் வேகத்தால் பிரித்து 2.2ஆல் பெருக்குங்கள். 65 கிலோ எடை, 18 நொட் காற்று என்றால் ஏறக்குறைய 8 சதுர மீற்றர் வரும். 14 நொட் என்றால் 10. சாதாரணப் பலகைக்கு இது பொருந்தும், புதியவர் இதற்கு மேலே போகக் கூடாது.

மூன்றாம் படி: இடமும் காற்றும்

இங்கே அவசரப்படாதீர்கள். சோளகம் வீசும் மாதங்களில் தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து காற்று வருகிறது. கசூரினா கடற்கரையும் வல்வெட்டித்துறையும் வடக்குப் பார்த்த கரைகள். அப்படியென்றால் சோளகம் அங்கே தரையிலிருந்து கடலுக்கு வீசும். பலகை கைவிட்டுப் போனால் நீங்கள் பாக்கு நீரிணைக்குள் போய்க்கொண்டிருப்பீர்கள். கரையில் நிற்பவருக்குக் கடல் அமைதியாகத் தெரியும், அதுதான் ஆபத்து. வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழ்: காற்று கரைக்குத் தள்ளும், வடக்குக் கரையின் பல இடங்களில் முருகைக்கல் காத்திருக்கும்.

பழகுவதற்கு என் தெரிவு இடுப்பளவு ஆழமுள்ள பரவைக்கடல்தான். விழுந்தால் எழுந்து நிற்கலாம். ஆனால் அங்கே வலையும், மீன் பிடிக்க நட்டிருக்கும் களங்கட்டித் தடிகளும் இருக்கும். அது அந்த மக்களின் பிழைப்பு. முதல்நாளே போய் மீனவர்களிடம் கேளுங்கள், எங்கே வலை, எங்கே திடீர் ஆழம், எந்த நேரத்தில் படகு வரும் என்று அவர்களைவிட நன்றாக யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் கடற்படை முகாம் இருந்தால் அங்கேயும் கேட்டுவிடுங்கள். காற்று போகும் பக்கத்தில் பனைவடலியோ மின்கம்பியோ வீதியோ இருக்கும் இடத்தில் ஏற்றவே கூடாது.

நான்காம் படி: பலகை இல்லாமல் தண்ணீரில் நின்று பாருங்கள்

மணலில் நின்று சோதிக்காதீர்கள். திடீர்க் காற்று ஆளைத் தூக்கினால் விழுவது தரையில். இடுப்பளவு தண்ணீருக்குள் போய், பட்டத்தைத் தலைக்கு நேர் மேலே நிறுத்துங்கள்.

இப்போது பாரை மெதுவாக முழுதும் தள்ளுங்கள். இழுவை சீராகக் குறைகிறதா, கடைசியில் திடீரென்று அறுந்ததுபோலப் போகிறதா? பாரை அப்படியே விட்டாலும் பட்டம் மேலே அமைதியாக நிற்கிறதா, படபடத்து ஆடுகிறதா? இதை நாலைந்து தடவை செய்யுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்றால், காற்றின் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் இழுவை மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடுவதில்லை. இழுவை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 15 நொட் காற்று 20 ஆகும்போது பட்டம் ஏறக்குறைய 80 வீதம் கூடுதலாக இழுக்கும். பனைகளையும் வீடுகளையும் கடந்து வரும் நம்முடைய காற்று இப்படி அடிக்கடி முட்டி முட்டித்தான் வரும். அந்த நேரத்தில் பாரைத் தள்ளியதும் அடங்குகிற பட்டம் உங்களைக் காப்பாற்றும்.

அடுத்து எதிர்ச் சோதனை. பாரை முழுதும் உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். சில பட்டங்கள் பின்னோக்கிச் சரிந்து விழும். பயத்தில் பாரை இறுகப் பிடித்துக்கொள்வது புதியவர்களின் இயல்பு, ஆகவே அந்தப் பிடியையும் பொறுத்துக்கொண்டு நிற்கிற பட்டமே மேல். விழுந்தால் பாரில் உள்ள ட்ரிம் பட்டியைக் கொஞ்சம் இழுத்து, முன்நூலைக் குறைத்துத் திரும்பப் பாருங்கள். சில நேரம் குற்றம் பட்டத்தில் இல்லை, நூல் காலப்போக்கில் நீண்டதில் இருக்கும்.

சரி, இனித் திருப்பிப் பார்க்கலாம். கடிகார முகத்தை நினைத்துக்கொண்டு 11க்கும் 1க்கும் இடையில் பட்டத்தை மெதுவாக ஆட்டுங்கள். நின்ற இடத்திலேயே சுழல்கிறதா, அகன்ற வளைவு போடுகிறதா? பார் கைக்குக் கனமாக இருக்கிறதா, பட்டம் எங்கே நிற்கிறது என்றே தெரியாத அளவுக்கு இலேசா? பார்க்காமலேயே பட்டத்தின் இடம் கைக்குத் தெரிய வேண்டும். அதற்கு நடுத்தரமான கனம் நல்லது.

பிறகு வேண்டுமென்றே தண்ணீரில் விழுத்தி எழுப்புங்கள். ஒரு பக்கப் பின்நூலை இழுத்தால் பட்டம் உருண்டு ஓரத்துக்கு வந்து எழும்ப வேண்டும். மெல்லிய காற்றில் எது முதலில் எழும்புகிறது என்று பாருங்கள், வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

ஐந்தாம் படி: பலகையோடு

ஒரே வழியில் போய் வாருங்கள். எந்தப் பட்டம் பாரை ஆட்டாமலே நிலையாக இழுக்கிறது, எதில் காற்றை எதிர்த்து ஏறிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப முடிகிறது என்று கவனியுங்கள். நீண்டு ஒடுங்கிய பட்டம் காற்றை எதிர்த்து நன்றாக ஏறும், ஆனால் ஆறுதலாகத் திரும்பும். குட்டையானது சட்டென்று திரும்பும், தவறுகளைப் பொறுக்கும். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பை நோக்கி ஓடும் குறுக்கு ரியூப் ஐந்து இருந்தால் பலத்த காற்றில் உருக்குலையாது, ஒன்று இருந்தால் இலேசு, மெல்லிய காற்றில் மிதக்கும். மூன்று இருப்பது இரண்டுக்கும் இடைப்பட்டது.

ஒவ்வொரு பட்டத்தையும் இறக்கியவுடன், அடுத்ததை ஏற்ற முன்னரே காற்றின் வேகத்தையும் கண்டதையும் எழுதிவிடுங்கள். இரண்டாவதை ஏற்றிய பிறகு முதலாவது எப்படி இருந்தது என்று மனம் தன்பாட்டுக்குக் கதை கட்டும். முடிந்தால் முதலாவதைத் திரும்ப ஒருமுறை ஏற்றுங்கள், இடையில் காற்று மாறியிருந்தால் அது பிடிபடும்.

யாழ்ப்பாணத்துக் காற்றுக்கு நான் புதியவருக்குச் சொல்வது, மூன்று குறுக்கு ரியூப் உள்ள டெல்டா அல்லது ஹைபிரிட். பழையது வாங்கினால் துணியை விரல்களுக்கிடையில் உரசிப் பாருங்கள். வெயிலில் வெந்த துணி மொரமொரப்பை இழந்து துவண்டிருக்கும், தையலோரம் இலேசாகக் கிழியும். ரியூப்பின் வால்வு ஒட்டிய இடம் சூட்டில் விட்டுப்போயிருக்கலாம். கரையிலேயே முழுதாகக் காற்றடித்து, ஒரு மணித்தியாலம் நிழலில் வைத்து, இறுக்கம் குறையவில்லை என்றால் மட்டும் விலை பேசுங்கள். பாரின் அவசர விடுவிப்பையும் உங்கள் கையாலேயே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மணல் ஏறி இறுகியிருந்தால் அந்தப் பாரை எடுக்காதீர்கள்.