பிழை வந்தும் நிற்காத ஸ்கிரிப்ட்: ஷெல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஸ்கிரிப்ட், அதாவது வரிசையாக ஓட எழுதி வைத்த கமாண்டுகளின் கோப்பு, பிழை காட்டி நின்றுவிட்டால் பெரிய கவலை இல்லை. நின்றது தெரியும், சரிசெய்துவிடலாம். பிழை வந்த பிறகும் அடுத்த வரிக்குப் போய், கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரி வெளியேறும் ஸ்கிரிப்ட்தான் ஆபத்து. பாஷ் என்ற ஷெல் (கமாண்டுகளை வாங்கி இயக்கும் நிரல்) இயல்பிலேயே அப்படித்தான் ஓடும். டெர்மினலில் உட்கார்ந்து ஒவ்வொரு கமாண்டாக அடிப்பவருக்கு அது வசதி. நடுராத்திரியில் ஆளில்லாமல் ஓடும் ஸ்கிரிப்டுக்கு அதுவே வினை. சர்வர் வேலையில் நான் பார்த்த ஸ்கிரிப்ட் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு குணத்தில்தான் போய் முடியும்.

இரண்டே வரி ஸ்கிரிப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் வரி ஒரு டைரக்டரிக்குள் சிடி செய்கிறது, அதாவது உள்ளே போகிறது, இரண்டாவது வரி அங்கே இருப்பதையெல்லாம் ஆர்எம் கொண்டு அழிக்கிறது. அந்த டைரக்டரியின் பெயரை யாரோ மாற்றிவிட்டால் சிடி தோற்றுப்போகும். ஆர்எம் தோற்காது. ஸ்கிரிப்ட் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறதோ அங்கே இருப்பதை அழித்துவிட்டுப் போகும்.

வெறுமையான வேரியபிள் (ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயர்) இதைவிட மோசம். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற கேம் மென்பொருளில் நடந்தது எல்லோரும் அறிய வேண்டியது. அதன் துவக்க ஸ்கிரிப்ட், தான் இருக்கும் டைரக்டரியைக் கண்டுபிடித்து ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்ளும். பிறகு ஒரு கட்டத்தில், அந்த வேரியபிளுக்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் சேர்த்து ஆர்எம் ஓடும். ஸ்டீம் டைரக்டரியை இடம் மாற்றிய ஒருவருக்கு வேரியபிளில் எதுவும் ஏறவில்லை. மிச்சமிருந்தது வெறும் சாய்கோடும் நட்சத்திரமும், அதாவது ரூட் என்ற உச்சி டைரக்டரியிலிருந்து எல்லாமும். அவருக்குச் சொந்தமான கோப்புகள் எல்லாம் போயின, பேக்கப்புக்காக இணைத்து வைத்திருந்த வெளி டிஸ்கில் இருந்தவையும் சேர்த்து. ‘பயமாக இருக்கிறது’ என்ற பொருளில், ஸ்கிரிப்டை எழுதியவரே அந்த இடத்தில் ஒரு கமெண்ட் போட்டிருந்தார். அப்படி ஒரு கமெண்ட் எழுதத் தோன்றினால், கமெண்டை விட்டுவிட்டு அங்கே ஒரு சோதனையைப் போடுங்கள்.

ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் செட் கமாண்டை இ, யூ ஆப்ஷன்களோடும் பைப்ஃபெயிலோடும் போடச் சொல்வார்கள். நல்ல பழக்கம். ஆனால் எது எதைத் தடுக்கும் என்று தெரிந்து போட வேண்டும். யூ ஆப்ஷன், உருவாக்கப்படாத வேரியபிளைத்தான் பிடிக்கும். ஸ்டீம் விஷயத்தில் வேரியபிள் இருந்தது, உள்ளேதான் ஒன்றும் இல்லை, அதனால் யூ காப்பாற்றியிருக்காது. ஒரு கமாண்ட் தோற்றதும் ஸ்கிரிப்டை நிறுத்தும் இ ஆப்ஷன் அங்கே உதவியிருக்கும். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை: இஃப் நிபந்தனைக்குள் தோற்கும் கமாண்டை அது கண்டுகொள்ளாது, ஒரு வேரியபிளை லோக்கல் (ஃபங்ஷனுக்குள் மட்டும் இருப்பது) என்று அறிவிக்கும் அதே வரியில் ஒரு கமாண்டின் விடையை வாங்கினால், அந்தக் கமாண்டின் தோல்வியும் மறைந்துவிடும். அழிக்கும் வரிகளில் மட்டுமாவது, நெளிவு அடைப்புக்குள் வேரியபிள் பெயரை எழுதி, அதை ஒட்டி முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போடுங்கள். வேரியபிள் இல்லாவிட்டாலும் வெறுமையாக இருந்தாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம், பைப், அதாவது ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்த கமாண்டுக்குள் செலுத்துவது. டேட்டாபேஸ் டம்ப்பை (முழு நகலை) ஜிஜிப் என்ற சுருக்கும் கருவிக்குள் செலுத்திச் சேமிக்கும் பேக்கப் ஸ்கிரிப்ட் எல்லா இடத்திலும் உண்டு. பாஸ்வேர்டு மாறியதால் டம்ப் தோற்கிறது என்று வையுங்கள். ஜிஜிப் தனக்கு வந்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி, 20 பைட் கோப்பு ஒன்றை எழுதி வைக்கும். பைப்பின் முடிவு கடைசிக் கமாண்டின் முடிவுதான், அதனால் வெற்றி என்றே பதிவாகும். தினமும் தேதியோடு ஒரு கோப்பு வந்துகொண்டிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. பைப்பில் எந்தக் கமாண்ட் தோற்றாலும் தோல்வி என்றே காட்டும் பைப்ஃபெயில் தேவைப்படுவது இதற்குத்தான். கோப்பின் அளவையும் ஸ்கிரிப்டே பார்க்கட்டும். நேற்றையதைவிடப் பாதியாகக் குறைந்தால் கத்தட்டும்.

நிரல்களைச் சேமிக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று நேர்ந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள், அதற்காகவே அவர்கள் மீது எனக்கு மதிப்பு. ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 9.6 பதிப்பு ஓடும் இடத்தில் 9.2 பதிப்பின் டம்ப் கருவி ஓடித் தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான், தோல்வியைச் சொல்ல அனுப்பிய மின்னஞ்சல்களும், அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் டீமார்க் சோதனையைத் தாண்டாமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. சுமார் 6 மணி நேரம் முன்பு வேறு காரணத்துக்காக ஒருவர் கையால் எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்கின் அந்த நேரத்து நகல்) கைகொடுத்தது. ஆகவே பேக்கப்பை வேறொரு இயந்திரத்தில் மீட்டுப் பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அலாரம் உண்மையில் வந்து சேர்கிறதா என்று வேண்டுமென்றே ஒரு தோல்வியை உண்டாக்கியும் பாருங்கள்.

கோப்புப் பெயரில் இடைவெளி வரும் என்பதை மறந்து, வேரியபிளை இரட்டை மேற்கோளுக்குள் போடாமல் விட்டு, ஒரு பெயர் இரண்டாக உடைய விடுவது அடுத்த தவறு. இதைக் கண்ணால் தேட வேண்டியதில்லை, ஷெல்செக் என்ற இலவசக் கருவி வரி எண்ணோடு காட்டிவிடும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் ஓடவில்லை என்றால் கமாண்டுகளைத் தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் பாத் வேரியபிளை முதலில் பாருங்கள். க்ரானுக்குக் கிடைப்பது மிகச் சுருக்கமான பாத். க்ரானின் வேலைப் பட்டியலான க்ரான்டேப்பின் வரியில் சதவீதக் குறி இருந்தால் அது புது வரியாக எடுத்துக்கொள்ளப்படும். தேதியைக் கோப்புப் பெயரில் சேர்க்கும்போது பலரும் இதில் சிக்குகிறார்கள். ஸ்கிரிப்டின் முதல் வரியில், அதை ஓட்டும் ஷெல்லாக எஸ்ஹெச் என்று போட்டுவிட்டு உள்ளே பாஷுக்கே உரிய வசதிகளை எழுதுவதும் சரியில்லை. உபுண்டுவில் 2006 முதல் எஸ்ஹெச் என்பது டேஷ் என்ற வேறு ஷெல்தான். முந்தைய ஓட்டம் முடியும் முன்பே அடுத்தது கிளம்பக்கூடிய வேலைகளுக்கு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓடவிடும் எஃப்லாக் போடுங்கள், ஒரே வரி வேலை.

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைக் கையாளுவதிலும் இதே கண்மூடித்தனம் உண்டு. இணையத்திலிருந்து கர்ல் கொண்டு எடுத்த ஸ்கிரிப்டைப் படிக்காமல் ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, பாஷுக்குள் செலுத்துவது ஒன்று. முக்கியமான சர்வரில் புத்தம் புதிய பதிப்பையே போட அவசரப்படுவது இன்னொன்று. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், உள்ளே ஒளித்து வைத்த திருட்டு வழி (பேக்டோர்) ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி அளவுக்குத் தாமதமாவதைக் கவனித்து, விடாமல் துருவிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளரால் அது வெளிவந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிலையான வெளியீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் பாதிப்பு இல்லை, அந்தப் பதிப்புகள் அங்கே போய்ச் சேரவே இல்லை.

கடைசியாக, பேக்கேஜ் கொண்டுவந்த கோப்புகளை நேரடியாகத் திருத்தாதீர்கள். சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பை யூஎஸ்ஆர் டைரக்டரிக்குள் போய் மாற்றினால் அடுத்த அப்டேட் அதை அழித்துவிடும். சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் மாற்றினால் உங்கள் திருத்தம் ஈடிசி டைரக்டரியில் தனியாக நிற்கும். மென்பொருளின் மூல நிரலிலேயே பிழை என்றால், உங்கள் சர்வரில் மட்டும் ஒட்டுப்போட்டுவிட்டு இருந்துவிடாமல், அதைப் பராமரிப்பவர்களுக்குத் திருத்தத்தை அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டால், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அதைத் திரும்பப் போடும் வேலை மிச்சம். அதே பிழையில் மாட்டியிருக்கும் மற்றவர்களுக்கும் திருத்தம் போய்ச் சேரும்.