டூரிங் பைக்குக்குப் புது டயர்: வாங்கும் முன் பழைய டயரைத் தடவிப் பாருங்கள்

டயர் மாற்ற வேண்டும் என்றதும் முதலில் வரும் கேள்வி "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதுதான். அதைக் கடைசியாகக் கேட்டால் போதும். நடுத்தர டூரிங் பைக்குக்கு இன்று பெயர்பெற்ற கம்பெனிகள் செய்யும் ஸ்போர்ட் டூரிங் டயர் எல்லாமே தரமானவை. ஆட்கள் சறுக்குவது வேறு இடங்களில்: அளவில், எடை தாங்கும் எண்ணில், அப்புறம் தான் எப்படி ஓட்டுகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் கதையில். அந்தக் கதை உண்மையா என்று பழைய டயர் காட்டிவிடும்.

பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் டயரின் மேல் உள்ளங்கையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாக ஓட்டுங்கள். நடுவில் தட்டையாகி, சரிவு தொடங்கும் இடத்தில் ஒரு விளிம்பு கையில் தட்டுகிறதா? அப்படியானால் நீங்கள் பெரும்பாலும் நேர் சாலையில், சுமையோடு, ஒரே வேகத்தில் போகிறவர். மலைப்பாதையில் சாய்த்து ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தாலும் சரி, டயர் பொய் சொல்லாது. ஓரம் வரை சீராகத் தேய்ந்திருந்தால் வளைவுகளை நன்றாகப் பயன்படுத்துகிறீர்கள். முன் டயரைச் சுற்றுவாக்கில் இரண்டு திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் போலவும் இருந்தால், கொஞ்சம் என்றால் பிரேக் பிடிப்பதால் வருவதுதான். அதிகம் என்றால் காற்று குறைவாக ஓடியிருக்கும், அல்லது முன் சஸ்பென்ஷன் தளர்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் இதே கதிக்குத்தான் வரும்.

டயரின் பக்கவாட்டில் 'டிடபிள்யூஐ' என்று சிறிய எழுத்தோ முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு தெரியும். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டை, அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் ஈரச் சாலையில் தண்ணீரை வெளியேற்றும் திறன் அதற்கு முன்பே குறைந்துவிடும். மழையில் நீண்ட பயணம் இருக்கிறது என்றால் அந்த மேடு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

சரி, அளவு. 160/60 இசட்ஆர்17 69டபிள்யூ என்று எழுதியிருந்தால், அகலம் 160 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், ஆர் என்பது ரேடியல் (உள் இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் வகை), 17 ரிம்மின் விட்டம் அங்குலத்தில். பலர் பார்க்காமல் விடுவது கடைசி எழுத்துக்கு முன்னால் இருக்கும் 69 தான். அந்த எண்ணுக்கு 325 கிலோ தாங்கும் என்று பொருள், 66 என்றால் 300 கிலோ. பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் பெட்டி, மேலே ஒரு மூட்டை என்று போகும்போது எடையின் பெரும்பங்கு பின் சக்கரத்தில்தான் இறங்குகிறது. அதனால் பைக்கின் கையேட்டில் உள்ள எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது. அதற்கு அடுத்து வரும் வேக எழுத்தும் அப்படித்தான், அது டயர் தாங்கும் அதிகபட்ச வேகம்: மணிக்கு எச் 210, வி 240, டபிள்யூ 270 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நான் போவதே இல்லையே என்று குறைந்த எழுத்தை எடுக்காதீர்கள். அது சுமையோடு சூட்டைத் தாங்கும் கணக்கும்கூட.

அடுத்து, அகலமான டயர் ஆசை. இதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாலரை அங்குல ரிம்முக்கு 160 பொருத்தமானது. அதில் 180ஐத் திணித்தால் இரண்டு ஓரமும் உள்ளே இறுகி டயரின் நடு மேடாகிவிடும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் வண்டி வளைவில் விழத் தயங்கும், செயினிலோ பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மிலோ உரசவும் வாய்ப்புண்டு. உயரம் மாறுவதும் சின்ன விஷயம் இல்லை. 150/70 டயருக்கும் 160/60 டயருக்கும் விட்டத்தில் சுமார் 18 மில்லிமீட்டர் வித்தியாசம். முன் சக்கரமும் பின் சக்கரமும் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டு வேலை செய்யும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காப்பது), டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுப்பது) கணக்கெல்லாம் இதனால் நகரும்.

ரேடியல், பயாஸ் (உள் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும் வகை) இரண்டையும் முன்னும் பின்னுமாகக் கலக்காதீர்கள், பைக் கம்பெனியே அப்படிக் கொடுத்திருந்தால் தவிர. ஸ்போக் வீல் என்றால் அது ட்யூப் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வகைக்கு வரலாம். நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயர்க்காரருக்கு, நடுவில் கடினமான ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் உள்ள இரட்டைக் கலவை டயர்தான் சரி. மிஷெலின் ரோடு 6, பிரெல்லி ஏஞ்சல் ஜிடி 2, பிரிட்ஜ்ஸ்டோன் டி32, கான்டினென்டல் ரோடுஅட்டாக் 4 போன்றவை ஸ்போர்ட் டூரிங் வகையைச் சேர்ந்தவை. இவற்றில் சிலவற்றுக்கு எடை கூடிய பைக்குகளுக்கென்றே தனிப் பதிப்பு உண்டு, ரோடு 6 ஜிடி ஒரு உதாரணம். நடுத்தர பைக் லேசானது என்றால் அந்தப் பதிப்பு தேவையில்லை, டயர் விறைப்பாக இருந்து குலுக்கல் கூடும். கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள்.

அதிக கிலோமீட்டர் தரும் டயரா, அதிகப் பிடிப்பு தரும் டயரா என்று தயங்கினால், நான் ஈரத்தில் பிடிப்பதைத்தான் எடுப்பேன். முழுச் சுமையோடு, மழையில், தெரியாத சாலையில், முன்னால் போகும் வண்டி திடீரென்று நிற்கும் அந்த நொடியில் இன்னும் 2,000 கிலோமீட்டர் ஓடக்கூடிய ரப்பர் ஒரு உதவியும் செய்யாது. ரேஸ் டயரும் இதற்குப் பதில் இல்லை. அது சூடேறினால்தான் பிடிக்கும், குளிர்ந்த மழைச் சாலையில் அந்தச் சூடு வரவே வராது.

முன்னும் பின்னும் ஒரே மாடலாக, ஜோடியாக மாற்ற முடிந்தால் நல்லது. முன் டயரில் இன்னும் நிறையப் பட்டன் இருந்தால் அதே மாடலில் பின்னதை மட்டும் வாங்கலாம்.

கடையில் காசு கொடுப்பதற்கு முன் பக்கச் சுவரில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நிழலில் ஒழுங்காக வைத்த டயர் ஒரு வருடத்தில் கெடாது, ஆனால் நாலைந்து வருடம் கிடந்த டயரை முழு விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

மாட்டும்போது அருகிலேயே நில்லுங்கள். அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்கிறதா, ட்யூப்லெஸ் என்றால் வால்வைப் புதிதாக மாற்றினார்களா, பேலன்சிங் செய்தார்களா என்று கேளுங்கள். டயரில் ஒரு புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் லேசான பக்கம், வால்வுக்கு நேராக வர வேண்டும். ரிம் ஓரமாக ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

முதல் 150 கிலோமீட்டருக்குச் சட்டென்று பிரேக் பிடிக்காமல், ஆக்ஸிலரேட்டரை முறுக்காமல், சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போங்கள், புது ரப்பரின் மேற்பரப்பு வழுக்கும். மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பாருங்கள். கையேட்டில் தனியாகப் போகவும் சுமையோடு போகவும் வேறு வேறு அழுத்தம் கொடுத்திருந்தால், பெட்டி ஏற்றும் நாளில் இரண்டாவது எண்ணை வையுங்கள்.