அரளியா, நெட்டிலிங்கமா? இலைப் படத்திலிருந்து நச்சுச் செடியைக் கண்டறியும் மாடல்: செய்முறை

நெடுஞ்சாலை நடுத்திட்டில் வரிசையாக நிற்கும் அரளி, வேலியோர ஊமத்தை, தரிசில் தானாக முளைக்கும் ஆமணக்கு. மூன்றும் நஞ்சு, மூன்றும் நமக்குப் பழகிப்போனவை. அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத் துடிப்பைக் குலைக்கும். காய்ந்த சருகிலும் நஞ்சு போகாது, மாடு மேய்ந்தால் ஆபத்துதான். இவற்றை ஃபோன் படத்திலிருந்தே அடையாளம் காணும் ஒரு மாடலை, அதாவது படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கணினி நிரலை, வீட்டிலிருந்தே செய்யலாம். பைத்தான் கொஞ்சம் தெரியும், கூகுள் கோலாப் (பிரவுசரிலேயே பைத்தான் ஓட்டும் தளம்) திறக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: எட்டுச் செடி போதும்

நூறு செடிகளோடு ஆரம்பிக்காதீர்கள். நஞ்சுள்ளவை நான்கு, அவற்றைப் போலவே தோன்றும் மற்றவை நான்கு. அரளிக்கு நெட்டிலிங்கம், ஊமத்தைக்குச் சுண்டை, ஆமணக்குக்குப் பப்பாளி, குன்றிமணிக்குப் புளி. இந்த ஜோடிகள் முக்கியம். அரளியையும் வாழையையும் பிரித்துக் காட்டுவதில் யாருக்கும் பயனில்லை.

படி 2: படம் எடுப்பது

இலையைப் பறித்து வெள்ளைத்தாளில் வைத்து எடுக்காதீர்கள். செடியிலேயே, கிளையோடு எடுங்கள். அரளியில் பெரும்பாலும் ஒரு கணுவில் மூன்று இலைகள் சுற்றி நிற்கும். நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் நெருக்கமாக, இணைகோடுகளாக ஓடும். நெட்டிலிங்கத்தின் விளிம்பு அலை அலையாக இருக்கும். ஒற்றை இலையைப் பறித்துவிட்டால் கணுவின் சாட்சி போய்விடும். ஆமணக்கில் இலையின் அடிப்பக்கத்தையும் எடுங்கள்: காம்பு விளிம்பில் சேராமல் சற்று உள்ளே தள்ளி ஒட்டியிருக்கும், விளிம்பில் ரம்பப் பற்கள் தெரியும்.

காலை வெயில், மதிய வெயில், மழைக்குப் பின், பூச்சி அரித்த இலை, தூசி படிந்த இலை எல்லாம் வேண்டும். போதாததற்கு, மக்கள் தாங்கள் பார்த்த செடி, விலங்குகளைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படங்கள் கிடைக்கும். ஒவ்வொரு படத்தின் உரிம விவரத்தையும் பார்த்துவிட்டு எடுங்கள்.

படி 3: பிரிப்பது (இங்கே நிதானமாக இருங்கள்)

பெரும்பாலான வழிகாட்டிகளில் ‘20 சதவீதப் படங்களைச் சோதனைக்கு ஒதுக்கு’ என்று ஒற்றை வரி இருக்கும். கணினி குலுக்கல் முறையில் ஒதுக்கிவிடும். ஒரே அரளிச் செடியை நீங்கள் பத்துப் படம் எடுத்திருந்தால், எட்டு பயிற்சிக்கும் இரண்டு சோதனைக்கும் போகும். மாடல் அரளியைக் கற்றுக்கொள்ளாது, அந்தச் செடிக்குப் பின்னால் இருக்கும் நீலச் சுவரைக் கற்றுக்கொள்ளும். மதிப்பெண் மட்டும் வானத்தைத் தொடும்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. பயிர்நோய்ப் படங்களின் பிளான்ட்வில்லேஜ் தொகுப்பை வைத்து 2016இல் வந்த ஆய்வில் துல்லியம் 99.35 சதவீதம். வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அதே மாடல் சுமார் 31 சதவீதத்துக்கு இறங்கியது.

ஆகவே படங்களைப் பிரிக்காதீர்கள், செடிகளைப் பிரியுங்கள். ஒரு சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) போடுங்கள்: படத்தின் பெயர், செடியின் பெயர், செடி எண். ஒரே செடியின் எல்லாப் படங்களுக்கும் ஒரே எண். ஐநேச்சுரலிஸ்ட் படங்களுக்கு அவதானிப்பு (ஒருவர் ஒரு முறை பார்த்துப் பதிந்த பதிவு) எண்ணையே செடி எண்ணாக வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் ஒரே அவதானிப்பில் பல படங்கள் இருக்கும். பிறகு சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகத்தில் உள்ள குரூப்ஷஃபிள்ஸ்பிளிட் என்ற கருவி அந்த எண்ணைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும். மதிப்பெண் குறையும். குறையட்டும், அதுதான் உண்மையான மதிப்பெண். முடிந்தால் வேறொரு ஊரில், வேறொருவர் ஃபோனில் எடுத்த படங்களைத் தனியாகப் பூட்டி வையுங்கள், கடைசி நாள்வரை திறக்காதீர்கள்.

படி 4: பயிற்சி

மாடலைப் பயிற்றுவிக்கும் பைத்தான் நூலகங்களில் ஆரம்பிப்பவர்களுக்கு என் தேர்வு ஃபாஸ்ட்ஏஐ. கேராஸும் நல்லதுதான், ஆனால் இதில் எழுத வேண்டியது குறைவு, முன்னிருப்பு மதிப்புகளும் (நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதுவே எடுத்துக்கொள்பவை) பக்குவமானவை. இமேஜ்நெட் என்ற பெரிய படத் தொகுப்பில் ஏற்கெனவே பயிற்சி பெற்ற ரெஸ்நெட்-34 என்ற மாடலை எடுத்து, ‘ஃபைன் டியூன்’ கட்டளையைக் கொடுங்கள். முதலில் மாடலின் கடைசி அடுக்கையும், பின் முழு மாடலையும் அதுவே பழக்கும். ஃபோனில் ஓட வேண்டுமென்றால் பிறகு எஃபிஷியன்ட்நெட்-பி0 என்ற சிறிய மாடலுக்கு மாறிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு அமைப்பை மாற்றியே ஆக வேண்டும். பயிற்சியின்போது படத்தில் ஏதோ ஒரு பகுதியை வெட்டிக் காட்டும் ‘ரேண்டம் ரீசைஸ்டு கிராப்’ முன்னிருப்பாகப் படத்தின் வெறும் 8 சதவீதப் பரப்பைக்கூட வெட்டியெடுக்கும். அவ்வளவு சிறிய துண்டில் விளிம்பும் இருக்காது, கணுவும் இருக்காது, பச்சை நிறம்தான் மிஞ்சும். குறைந்தபட்ச அளவை 0.5 (பாதிப் பரப்பு) ஆக்குங்கள்.

பயிற்சி முடிந்ததும், மாடல் படத்தில் எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுத்தது என்று காட்டும் கிராட்-கேம் போட்டுப் பாருங்கள். வெப்ப வரைபடம் இலையிலோ கணுவிலோ சிவக்க வேண்டும். மண்ணிலோ விரலிலோ சிவந்தால் படி 2க்குத் திரும்புங்கள்.

படி 5: என்ன பதில் சொல்ல வைப்பது

மாடல் தரும் நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1. செருப்பைக் காட்டினாலும் எட்டில் ஒரு செடியின் பெயரைச் சொல்லும். அதனால் உச்ச மதிப்பு குறைவாக இருந்தால் ‘தெரியவில்லை’ என்று சொல்ல வையுங்கள். அதிலும் தப்பி உறுதியோடு தவறாகச் சொல்லக்கூடும் என்பதால், சம்பந்தமில்லாத இலைகளை ‘மற்றவை’ என ஒன்பதாம் வகையாகச் சேர்ப்பது நல்லது.

நஞ்சுள்ள நான்கின் நிகழ்தகவுகளைக் கூட்டுங்கள். அது 0.2ஐத் தாண்டினாலே எச்சரிக்கை வரட்டும். பப்பாளியைப் பார்த்து வீணாகப் பயந்தால் நஷ்டமில்லை, ஊமத்தையைச் சுண்டை என்று விட்டுவிட்டால் உயிர். ‘பாதுகாப்பானது’, ‘சாப்பிடலாம்’ என்ற சொற்கள் உங்கள் செயலியில் எங்குமே வரக்கூடாது. யாராவது ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தால் செயலியைத் திறந்துகொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள், செடியின் ஒரு கிளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பிற்சேர்க்கை: பின்னூட்டத்தில் வந்த சிக்கல்கள்

ஐபோன் படங்கள் ஹெயிக் (ஐபோனின் பட வடிவம்) வடிவில் இருந்தால் திறக்காது, ஜேபெக் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். படங்கள் பக்கவாட்டில் சாய்ந்து வந்தால் பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தின் ‘எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ்’ சரிசெய்யும். கூகுள் டிரைவிலிருந்து ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை நேராகப் படித்தால் பயிற்சி ஊர்ந்து போகும். ஒரே ஜிப்பாகக் கோலாபுக்குள் கொண்டுவந்து அங்கே பிரித்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்த மாடலை மட்டும் மறக்காமல் டிரைவில் சேமியுங்கள், இணைப்பு அறுந்தால் கோலாபில் இருப்பது அழிந்துவிடும்.